76 என்ற எண்ணின் மீது ஒரு மேல்முறையீடு: தமிழில் கேம் விமர்சனம் செய்கிறவர்களுக்கு

வணக்கம்.

தமிழில் வீடியோ கேம்களைப் பற்றி எழுதுகிற, கேமரா முன்னால் உட்கார்ந்து பேசுகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். எதை வாங்கலாம், எதை விடலாம் என்று என் வீட்டுப் பிள்ளைகள் உங்களைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். நானும் அப்படித்தான். அந்த நம்பிக்கையில்தான் இதை உங்களிடம் சொல்ல வருகிறேன்.

வழக்கறிஞராக இருந்து தடயம் தேடி, நீதிமன்றத்தில் வாதாடி, வழக்கு வழக்காக முடிக்கிற கேம்கள் கேப்காமின் ஏஸ் அட்டர்னி முத்தொகுப்பு. அதைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. முதல் பாகம் அருமை, மூன்றாவது உச்சம், இரண்டாவது சுமார், அதைத் தாண்டிப் போய்விட்டால் போதும். இந்த வாக்கியம் நம்முடையது இல்லை. 2007-இல் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட விமர்சனங்களின் எச்சம் அது. ஜஸ்டிஸ் ஃபார் ஆல் என்ற அந்த இரண்டாவது பாகத்துக்கு, விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கிற மெட்டாகிரிட்டிக் தளத்தில் விழுந்த சராசரி நூற்றுக்கு 76. முன்னால் வந்ததற்கு 81, பின்னால் வந்ததற்கும் 81. நடுவில் இது மட்டும் பள்ளமாகத் தெரிகிறது. ஐந்து மதிப்பெண்தானே என்று கேட்கலாம். அந்த ஐந்து எதற்காகக் குறைந்தது என்பதுதான் என் கவலை.

நான்காவது வழக்கின் முடிச்சை அவிழ்க்காமல் இதைப் பேச முடியாது. இன்னும் விளையாடாதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, முடித்த பிறகு வாருங்கள்.

முதலில் காலத்தைச் சரியாகப் பார்க்க வேண்டும். இந்த கேம் 2007-இல் பிறந்தது இல்லை. 2002 அக்டோபரில் ஜப்பானில், கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்காக வந்தது. கியாகுடென் சைபான் என்ற தொடரின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தை ஏழு பேர் கொண்ட ஒரு சின்னக் குழு பத்தே மாதத்தில் உருவாக்கி 2001 அக்டோபரில் வெளியிட்டிருந்தது. எழுதி இயக்கியவர் ஷூ தகுமி. அடுத்த ஒரே வருடத்தில் இரண்டாவதும் வந்துவிட்டது. இதெல்லாம் ஜப்பானிய மொழியில் மட்டும். ஆங்கிலம் படிக்கிற உலகத்துக்கு முதல் பாகம் கிடைத்ததே 2005 அக்டோபரில்தான், நின்டெண்டோ டிஎஸ் கருவிக்கு மாற்றப்பட்டு.

அப்படி மாற்றும்போது ஐந்தாவதாக ஒரு புது வழக்கை எழுதிச் சேர்த்தார்கள். அதில் திரையைத் தொட்டு, ரத்தக்கறையைக் காட்டுகிற லூமினால் தெளிக்கலாம், கைரேகைப் பொடியைத் தூவி மைக்கில் ஊதலாம், தடயப் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். பார்த்தவர்கள் எல்லோருக்கும் பிடித்துப்போனது. 2007 ஜனவரியில் இரண்டாவது பாகம் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது அப்படிப்பட்ட கூடுதல் வழக்கு எதுவும் அதில் இல்லை. பழைய நான்கு வழக்குகளே இருந்தன. தொடுதிரையில் தட்டி வசனத்தை நகர்த்தலாம், மைக்கில் ஆட்சேபம் என்று கத்தலாம், அவ்வளவுதான். அதனால் பல விமர்சனங்கள் ஒரே குரலில் பேசின: எழுத்து நன்றாக இருக்கிறது, பாத்திரங்கள் நன்றாக இருக்கிறார்கள், ஆனால் புதிதாக ஒன்றும் இல்லை, கருவியைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு இது தேவையான தகவல், மறுக்கவில்லை. ஆனால் அது கதையின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. 2002-இல் எழுதி முடித்த ஒரு கதை, 2004-இல் வந்த கருவியின் தொடுதிரையைப் பயன்படுத்தவில்லை என்று மதிப்பெண் குறைப்பது, பழைய நாவல் ஒன்றின் மறுபதிப்பை அட்டை மாறவில்லை என்பதற்காகக் குறைப்பது போல. அந்தக் குறையும் இன்று இல்லை. 2019 ஏப்ரலில் இருந்து மூன்று பாகங்களும் ஒரே தொகுப்பாகக் கணினியிலும் கன்சோல்களிலும் கிடைக்கின்றன. டிஎஸ் கருவியைப் பற்றிய குறை போய்விட்டது. அதற்காகக் குறைந்த எண் மட்டும் ஒட்டிக்கொண்டே வருகிறது.

இனி, புதிதாக ஒன்றும் இல்லை என்ற இடத்துக்கு வருகிறேன். என் மனத்தாங்கல் இங்கேதான்.

இந்தப் பாகத்தில் புதிதாக வந்தது மாகடாமா என்ற பச்சைக் கல். நாம் விளையாடுகிற வழக்கறிஞர் பீனிக்ஸ் ரைட் ஒருவரிடம் பேசும்போது அவர் மனதில் எதையாவது மறைத்தால், திரை இருண்டு, சங்கிலிகள் பாய்ந்து, சிவப்புப் பூட்டுகள் விழும். சின்ன ரகசியத்துக்கு ஒன்றிரண்டு பூட்டு, பெரிய ரகசியத்துக்கு ஐந்து வரை. சரியான தடயத்தைச் சரியான நேரத்தில் நீட்டினால் பூட்டு உடையும். முதல் பாகத்தில் நீதிமன்றத்தில் மட்டும் இருந்த சவால் இப்போது புலன்விசாரணைக்கும் வந்தது. அநேகமாக எல்லா விமர்சனங்களும் இதைச் சொல்லின. சொல்லிவிட்டு, ஒரு கூடுதல் வசதி என்ற வரியோடு கடந்துபோயின.

ஆனால் தகுமி அந்தக் கல்லை வைத்து என்ன செய்கிறார் என்று பாருங்கள். இரண்டாவது வழக்கில் அதை நம் கையில் கொடுக்கிறார். மூன்றாவது வழக்கு முழுக்க அதைப் பழக்குகிறார். பூட்டு விழுந்தால் பொய், விழாவிட்டால் உண்மை என்று நம் மூளையில் பதிந்துவிடுகிறது. நான்காவது வழக்கில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட நடிகர் மேட் எங்கார்டைத் தடுப்புக் காவல் நிலையத்தில் பார்க்கிறோம். பீனிக்ஸ் நேராகக் கேட்கிறான்: நீ அவனைக் கொன்றாயா? இல்லை என்கிறான் எங்கார்ட். ஒரு பூட்டுகூட விழவில்லை. அவ்வளவு போதும், பீனிக்ஸோடு சேர்ந்து நாமும் அவனுக்காகப் போராட இறங்கிவிடுகிறோம். பீனிக்ஸின் உதவியாளர் மாயாவைக் கடத்தி வைத்துக்கொண்டு, எங்கார்டுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தால்தான் அவளை விடுவேன் என்று மிரட்டுகிறான் டி கில்லர் என்ற கூலிக் கொலைகாரன். அதனால் என்ன, கட்சிக்காரர் நிரபராதிதானே, ஜெயித்துவிடலாம் என்றுதான் நமக்கும் தோன்றும்.

எங்கார்ட் பொய் சொல்லவில்லை. அவன் தன் கையால் கொல்லவில்லை. டி கில்லரைக் கூலிக்கு அமர்த்தியவனே அவன்தான். கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னான், பூட்டு விழவில்லை. தப்பு கேள்வியில் இருந்தது.

இந்த இடம் வந்தபோது எனக்குக் கை ஓடவில்லை. விளையாட்டின் விதியே நம்மை ஏமாற்றியிருக்கிறது, அதுவும் விதியை மீறாமல். எட்டு, பத்து மணி நேரம் ஒரு கருவியை நம்பப் பழக்கி, அந்த நம்பிக்கையை வைத்தே குப்புறத் தள்ளுவது கதாசிரியரால் மட்டும் ஆகிற காரியம் இல்லை. கதையும் விளையாட்டு முறையும் ஒரே கையில் இருந்தால்தான் முடியும். நாவலாக எழுதியிருந்தால் பீனிக்ஸ் ஏமாந்தான் என்று படித்திருப்போம். இங்கே ஏமாந்தது நாம். இப்படி ஒன்றைச் செய்த கேமுக்குப் புதுமை இல்லை என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன்.

கதையைச் சொல்லிவிடக் கூடாது என்று விமர்சகர்கள் வாயைக் கட்டிக்கொண்டார்கள், வேறு வழி இல்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், இந்தத் தர்மசங்கடம் எனக்கும் புரிகிறது. ஆனால் முடிச்சை அவிழ்க்காமலே சொல்ல வழி இருக்கிறது. மாகடாமாவை எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கவனித்துக்கொண்டே விளையாடுங்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். படிக்கிறவர் ரகசியத்தையும் இழக்க மாட்டார், எங்கே பார்க்க வேண்டும் என்றும் தெரிந்துகொள்வார்.

அப்புறம் நடக்கிற நீதிமன்றக் காட்சியைப் பற்றி. என் அக்கா மாவட்ட நீதிமன்றத்தில் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறவள். நான் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கடைசி வழக்கு முழுவதையும் பார்த்தாள். முதல் பாகத்தின் கிளியையும் இந்தப் பாகத்தின் கோமாளியையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள், இங்கே அமைதியாகிவிட்டாள். கட்சிக்காரர் குற்றவாளி என்று வழக்கறிஞருக்குத் தெரிந்துவிட்டது. விடுதலை வாங்கிக் கொடுத்தால் கொலையைச் செய்யாத ஏட்ரியன் ஆண்ட்ரூஸ் என்ற பெண்ணின் தலையில் பழி விழும். வாங்கிக் கொடுக்காவிட்டால் மாயா உயிரோடு திரும்ப மாட்டாள். வாய்தா வாங்கி ஒரு நாள் மூச்சு விடவும் வழியில்லை. காவல் துறை மாயாவைத் தேடிப் பிடிக்கும்வரை ஏதாவது பேசி நேரத்தைக் கடத்த வேண்டும். எதிர்த் தரப்பில் நிற்கிற அரசு வழக்கறிஞர் மைல்ஸ் எட்ஜ்வொர்த், எல்லாம் தெரிந்தும், அதற்கு ஒத்துழைக்கிறான். குறுக்கு விசாரணை என்ற ஆயுதத்தை உண்மைக்காக இல்லாமல் நேரத்துக்காகச் சுழற்றுகிறோம். பொத்தான்கள் அதேதான். அழுத்துகிற விரலுக்குத்தான் கூசுகிறது.

கடைசியில் வழி பிறப்பது ஒரு துரோகத்தால். டி கில்லர் கொலை செய்ததை எங்கார்ட் ஒரு கரடிப் பொம்மையின் கண்ணில் கேமரா வைத்துப் படம்பிடித்து வைத்திருக்கிறான், பின்னால் மிரட்டுவதற்கு. நம்பிக்கையைத் தொழில் தர்மமாக வைத்திருக்கிற கொலைகாரனுக்கு அதைப் பீனிக்ஸ் சொல்லிவிடுகிறான். ஒப்பந்தம் முறிகிறது. வெளியே போனால் உயிர் போகும் என்று பயந்து, தன்னைத் தண்டிக்கச் சொல்லி எங்கார்ட் தானே கெஞ்சுகிறான்.

இந்த முடிவை நான் கைதட்டி வரவேற்றேன். அக்கா வரவேற்கவில்லை. கட்சிக்காரரின் ரகசியத்தை எடுத்து அவனுக்கு எதிராகவே வைத்தவன் வழக்கறிஞரா என்று கேட்டாள். இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகள், குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளிதானா என்பதில் வழக்கறிஞரின் சொந்தக் கருத்து எதுவாக இருந்தாலும் அவருக்காக வாதாட வேண்டும் என்கின்றன. போதிய சாட்சியம் இல்லாமல் யாரையும் தண்டிக்கக் கூடாது என்கிற சட்டத்துக்குத்தான் வழக்கறிஞரின் விசுவாசம் என்று காரணமும் சொல்கின்றன. கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்று 1872-ஆம் வருடச் சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு இருந்தது. இப்போது அது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132-ஆம் பிரிவு. சட்டவிரோதமான நோக்கத்தை நிறைவேற்றுவதற்காகச் சொல்லப்பட்டதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்றும் அதிலேயே இருக்கிறது. கடத்தல் நடந்துகொண்டிருக்கும்போது பீனிக்ஸ் அந்த விலக்குக்குள் வருவானா என்று நாங்கள் இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

ஜப்பானுக்கு வேறு சட்டம், விளையாட்டுக்குள் இருக்கிற மூன்று நாள் விசாரணை முறையோ முழுக் கற்பனை. அது தெரியும். ஆனால் நீதிமன்றத்துக்கு வருகிற குற்ற வழக்குகளில் 99 சதவீதத்துக்கும் மேல் தண்டனையில் முடிகிற ஒரு நாட்டில், பொதுமக்கள் நீதிபதிகளோடு அமர்கிற முறை 2009-இல் தொடங்குவதற்கு ஏழு வருடம் முன்பு, வழக்கறிஞரின் வேலை ஜெயிப்பதா உண்மையா என்று ஒரு கையடக்க கேம் கேட்டிருக்கிறது. கேட்டு, உண்மைதான் என்று தன் பக்கத்தையும் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில் தவறு என்று ஒரு விமர்சகர் எழுதியிருந்தால் நான் சந்தோஷமாகப் படித்திருப்பேன். குற்றவாளிக்கும் வழக்கறிஞர் வேண்டும் என்பதை இந்தக் கதை கைவிடுகிறது என்று சொல்லி எழுபதே போட்டிருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பேன். அது கதையோடு மல்லுக்கட்டிய விமர்சனம். தொடுதிரையைப் பற்றிய விமர்சனம் வேறு.

இந்த கேமில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மூன்றாவது வழக்கு, அந்த சர்க்கஸ் வழக்கு, பலருக்குப் பிடிக்காததில் நியாயம் இருக்கிறது. கோமாளி சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்கிற நகைச்சுவைகள் சாட்சியத்தை இழுத்துக்கொண்டே போகின்றன. 16 வயதுப் பெண்ணை வளர்ந்த ஆண்கள் போட்டி போட்டுக்கொண்டு காதலிப்பதை வேடிக்கையாகக் காட்டுவது அப்போதும் சரியில்லை, இப்போது பார்க்கவே முடியவில்லை. இதைக் கடுமையாகக் கண்டியுங்கள், நானும் கூட நிற்பேன். ஆனால் அந்த வழக்கின் கொலைகாரன் ஆக்ரோவையும் மறந்துவிடாதீர்கள். அவன் கொல்ல நினைத்தது வேறு ஒருவரை. செத்தது அவன் அப்பா ஸ்தானத்தில் வைத்திருந்த மனிதர். குற்றத்தை ஒப்புக்கொண்டு அவன் அழுகிற அழுகைக்கு அடுத்த வழக்கிலேயே எங்கார்டின் சிரிப்பு வருகிறது. வருந்துகிற குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, வருந்தாத குற்றவாளிக்காக வாதாடப் போகிறோம். இந்த வரிசை தற்செயல் இல்லை என்று நான் நம்புகிறேன்.

தவறு செய்தால் குறைகிற உயிர்க்கோடு இன்னொரு குறை. முதல் பாகத்தில் ஐந்து ஆச்சரியக்குறிகள் இருந்த இடத்தில் இங்கே ஒரு பச்சைப் பட்டை. எவ்வளவு குறையும் என்று ஒவ்வொரு இடத்திலும் மாறும். பூட்டு உடைக்கும்போது தவறினாலும் அதே பட்டைதான் குறையும், மறுநாள் நீதிமன்றத்திலும் அதுவே தொடரும். தடயங்களோடு ஆட்களின் விவரக் குறிப்புகளையும் நீட்டலாம் என்று ஆனதால், சரியாக யோசித்தவரும் தவறான ஒன்றை நீட்டிவிட்டு அடி வாங்குவார். கடைசியில் எல்லோரும் சேமித்துவிட்டு முயன்று பார்க்கிற பழக்கத்துக்கு வந்துவிடுகிறார்கள், பதற்றம் போய்விடுகிறது.

டிஎஸ் ஆங்கிலப் பதிப்பில் எழுத்துப் பிழைகளும் இருந்தன. கடைசி வழக்கில் தோற்றால் வருகிற சோகமான முடிவில், அற்புதம் நிகழவே இல்லை என்று சொல்ல வந்த ஆங்கில வரியில் இறந்தகால விகுதியே விட்டுப்போய்விட்டது. மாயாவுக்கு என்ன ஆனதோ என்று நெஞ்சு கனக்க வேண்டிய இடம், ஒரு எழுத்துப் பிழையால் கேலிப்பொருள் ஆனது. எழுத்தால் மட்டுமே நிற்கிற கேமில் இது சின்ன விஷயம் இல்லை. மதிப்பெண் குறைக்க இதைக் காரணமாகச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, இது 2007 ஜனவரியில் யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. இரண்டாவது வழக்கில், மாயாவின் குராயின் கிராமத்தில், மாயாவின் பெரியம்மா மார்கனும் அவள் எட்டு வயது மகள் பேர்லும் வருகிறார்கள். மார்கன் போட்ட திட்டம் அந்த வழக்கோடு தீர்ந்துவிடுவது போலத் தெரியும். தீராது. மூன்றாவது பாகத்தின் கடைசி வழக்கு முழுக்க அந்த வேரில் இருந்து முளைத்ததுதான். ஆங்கிலத்தில் மூன்றாவது பாகம் வந்தது 2007 அக்டோபரில். அதற்குள் இரண்டாவதற்கு மதிப்பெண் போட்டு மூடியாகிவிட்டது. அன்றைய விமர்சகர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் கையில் இருந்ததை வைத்து எழுதினார்கள். மூன்றையும் ஒன்றாக வாங்குகிற இன்றைய வாசகருக்கு அந்தத் தீர்ப்பை அப்படியே எடுத்துக் கொடுப்பதுதான் சரியில்லை. மூன்றாவதை உச்சம் என்கிறோம். அந்த உச்சிக்கு ஏறுகிற படிக்கட்டைத் தாண்டிப் போகச் சொல்கிறோம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த முறை இந்தத் தொகுப்பைப் பற்றிப் பேசும்போது இரண்டாவது பாகத்தை நீங்களே முதலிலிருந்து கடைசிவரை விளையாடிவிட்டுப் பேசுங்கள். பாதியில் நிறுத்தியிருந்தால் எந்த வழக்கில் நிறுத்தினீர்கள் என்று சொல்லிவிடுங்கள், அதில் குற்றம் இல்லை. ஆனால் இந்தப் பாகத்தில் முதல் மூன்று வழக்குகளோடு நிறுத்தியவரின் கருத்தும் நான்கையும் முடித்தவரின் கருத்தும் ஒன்றாக இருக்கவே முடியாது, அது கேட்கிறவருக்குத் தெரிய வேண்டும். சர்க்கஸ் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். அதோடு, தடுப்புக் காவல் நிலையத்தின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டபோது உங்களுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள். 76 என்ற எண்ணைச் சொல்லாமலே ஒரு விமர்சனத்தை முடிக்கப் பாருங்கள்.

பீனிக்ஸ் செய்தது சரி என்று நான் இன்னமும் சொல்கிறேன். அக்கா தவறு என்கிறாள், அவளிடம் சட்டமும் இருக்கிறது. நீங்கள் யார் பக்கம் என்று உங்கள் வாயால் கேட்க ஆசைப்படுகிறோம்.

அன்புடன்,
உங்கள் வாசகன், பார்வையாளன்